ஒன்பது கப்பல்களையும் முன்வாசலுக்கு

மூன்றாம் பாகம், இருநூற்றுப் பதினாறாம் பக்கம்.
தளபதி ஊழி தன் ஒன்பது கப்பல்களையும்
முன்வாசலுக்கு அனுப்புகிறாள்.
பின்வாசலில் ஒரு நாய்கூட இல்லை.

"அறிவு இருக்கா அவளுக்கு?" என்றான் பாவாடைராயன்,
கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில்
ஐஸ் பெட்டியின் மூடிமேல்
இறால் தலைகளைச் சாம்பல் படையாக அடுக்கியபடி.
ஊழிக்கு ஒன்பது கிளிஞ்சல்.
துலா நிலவுக்கு என் டீ கிளாஸ்.

நான் டீசல் பங்கில் கணக்கு எழுதுகிறவன்.
அவன் விசைப்படகு டிரைவர்.
பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய கதை அது,
ஒன்பது பாகத்தில் ஆறாவது கிடைக்கவில்லை.
ஆறில் யார் யார் செத்தார்கள் என்பதை
ஏழில் வராதவர்களை வைத்துக் கண்டுபிடித்தோம்.

அந்த நிலவை நாங்கள்
நாற்பது தடவையாவது காப்பாற்றியிருக்கிறோம்.
சரக்குக் கப்பல்களில் விளக்கேற்றி ஏமாற்றியிருக்கலாம்.
சுரங்கத்து ஜனங்களை முதல் நாளே ஏற்றியிருக்கலாம்.
ஓதன் பயலை நம்பிச் சாவியைக் கொடுத்தாளே,
நாலாம் அத்தியாயத்திலேயே அவன்
தரையைப் பார்த்துப் பேசுகிறான்,
நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை.
ஐந்து கப்பல் முன்னே, மூன்று பின்னே,
ஒன்று நிலவின் நிழலில் விளக்கணைத்து:
இது பாவாடையின் வியூகம்.
என்னுடையது இன்னும் கோழைத்தனம்.
வாசலைத் திறந்துவிட்டு எல்லாரும் ஓடிவிடலாம்.

ஒருநாள் காக்கை வந்து
எதிரியின் தாய்க்கப்பலைக் கொத்திக்கொண்டு போனது.
"இது செல்லாது" என்று
இன்னொரு தலையை எடுத்து வைத்தான்.

மார்கழியில் ஐந்தாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
மறுநாள் எட்டு.
உப்பனாற்றில் படகுகள் நெரிந்தன.
எங்கள் துறையில் பதினொன்று.
முதலாளிகள் யாரும் போன் எடுக்கவில்லை.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் மழைக்குள்ளிருந்து கத்தினான்:
"சேத்துக் கட்டவா, தனித்தனியாவா?"
பாவாடை ஆற்றைப் பார்த்தான். வானத்தை. என்னை.
நான் டீசல் நோட்டைப் பார்த்தேன்.
"சேத்துக் கட்டு."

விடியற்காலை மூன்று மணிக்கு
ஒரு நங்கூரம் பெயர்ந்தது.
அது பக்கத்துப் படகை இழுக்க, அது அடுத்ததை இழுக்க,
ஏழு படகு கல்வரிசையில் ஏறிப் பிளந்து கிடந்தது.
ஆள் சேதம் இல்லை.

ஐஸ் பேக்டரி வாசலில் மாசிமகம் வரைக்கும் பேசினார்கள்.
தனித்தனியா கட்டியிருக்கணும்.
நாலு நாலா கட்டியிருக்கணும்.
அக்கரைகோரிப் பக்கம் ஒதுக்கியிருக்கணும்,
எனக்கு அப்பவே தோணிச்சு.
சங்கரா வாங்க வந்த மஞ்சக்குப்பத்து வாத்தியார்கூடத்
தராசுத் தட்டில் மீன்களைப் படகாக நகர்த்திக் காட்டினார்.
அவர் சொன்னதும் சரிதான்.
எல்லாரும் சொன்னது சரிதான்.
அந்த ராத்திரி அங்கே நின்ற பெரியவர்கள் இரண்டே பேர்.
ஒருவன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்திரையில்தான் பாவாடை மறுபடி பங்க் பக்கம் வந்தான்.
மூன்றாம் பாகத்தைக் கேட்டான்.
"ஆணை போடுறதுக்கு முன்னாடி
பதினொரு நிமிஷம் இருந்துச்சுன்னு வருதே,
அதுல அவ என்ன பண்ணினா?"
தேடினோம். இல்லை.
'பதினொரு நிமிடங்கள் கழிந்தன' என்று ஒரு வரி,
அதோடு அத்தியாயம் முடிந்து
அரைப் பக்கம் வெற்றுத்தாள்.
அதில் பென்சிலால், என் கையெழுத்தில்,
எந்த அவசரத்திலோ கிறுக்கிய கணக்கு:
படகு பதினொன்று, இரண்டாயிரத்து நானூறு லிட்டர், பாக்கி.

அதையும் படித்தான்,
கதையின் பகுதிதான் என்பதுபோல.
"ஆனாலும் பின்வாசல்ல
ஒண்ணாச்சும் விட்டு வெச்சிருக்கலாம்" என்றான்
மெதுவாக,
ஒரு கிளிஞ்சலைக் கையில் எடுத்து,
எங்கும் வைக்காமல்.